வாசகர் கேள்வி பதில்: எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன்ல பேஸ் இருக்கா, இல்லையா?

கேள்வி (கோவை வாசகர்): சார், எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும் ரெண்டு மாசமா சண்டை. அவன்கிட்ட ஸ்டாக்ஸ்ங்கற ஜப்பான் கம்பெனியோட எஸ்ஆர்-009 எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன் இருக்கு, என்கிட்ட இருக்கறது பழைய எஸ்ஆர்-007. என்னோடது மந்தமா இருக்குங்கறான் அவன், அவனோடது காதைக் குத்துதுங்கறேன் நான். இதுக்கு நடுவுல மூணாவது ஆள் ஒருத்தர் வந்து எலக்ட்ரோஸ்டாடிக்ல பேஸே (கீழ் ஸ்தாயி சத்தமே) கிடையாதுன்னு அடிச்சு சொல்லிட்டுப் போறார். யார் சொல்றது சரி?

பதில்: மூணாவது ஆள்கிட்டயிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அவர் சொல்றதைத்தான் நிறைய பேர் கேட்டுப் பார்க்காமயே நம்பிட்டு இருக்காங்க.

சின்ன வயசுல சீப்பைத் தலையில தேச்சு காகிதத் துண்டு மேல காட்டுவோமே, துண்டு தாவி வந்து ஒட்டிக்குமே, அதே விசைதான் இங்கயும். ரெண்டு மைக்ரான் சொச்சம் தடிமன்ல ஒரு பிளாஸ்டிக் சவ்வு (தலைமுடி அம்பது மைக்ரானுக்கு மேல இருக்கும், கணக்கு போட்டுக்கோங்க), அதுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஓட்டை போட்ட உலோகத் தகடு, நடுவுல ரெண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி. சவ்வுக்கு 580 வோல்ட் நிலையான சார்ஜ், தகடுகளுக்குப் பாட்டோட சிக்னல். ஒரு தகடு இழுக்கும்போது இன்னொண்ணு தள்ளும். சாதா ஹெட்போன்ல காயில் (கம்பிச் சுருள்) ஒட்டியிருக்கற வட்டத்தை மட்டும்தான் விசை பிடிச்சு ஆட்டுது, மிச்ச கோன் அது பின்னாடி இழுபட்டு வருது. இதுல சவ்வு முழுக்க ஒரே சமயத்துல நகருது. வீணை மீட்டும்போது நகம் கம்பியில படற சின்ன 'டிக்', அதுக்கப்புறம் ஸ்வரம், அதுக்கப்புறம் கமகம்னு மூணும் தனித்தனியா காதுல விழறது இதனாலதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இருபது வருஷமா இந்த ஹெட்போன்களை விட்டு நகரல.

இப்ப பேஸுக்கு வரேன். பேஸ் இருக்கு, அடி ஆழம் வரைக்கும் இருக்கு. ஆனா மிருதங்கத்துல தொப்பியைத் தட்டினா நெஞ்சுல வந்து விழற அந்த 'தொம்' இருக்கே, அந்த அடி குறைவுதான், அதை ஒத்துக்கணும். சவ்வு நகரறதுக்கு இடமே அரை மில்லிமீட்டர்தான், இதுல பெருசா காத்தை அள்ளி வீச முடியாது. இன்னொரு காரணத்தை யாரும் கவனிக்கறதில்லை: இயர்பேட் காதைச் சுத்தி காத்துப் போகாம ஒட்டலேன்னா கீழ் ஸ்வரங்கள் அப்படியே ஒழுகிப் போயிடும். கண்ணாடி போடறவங்க கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரு தடவை, போட்டுட்டு ஒரு தடவை அதே பாட்டைக் கேட்டுப் பாருங்க. 'பேஸே இல்லை'ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் சொல்றது கண்ணாடிக் கம்பி போட்ட ஓட்டையைப் பத்தித்தான்னு நான் நினைக்கறேன்.

உங்க ரெண்டு பேர் சண்டைக்கு: 007 வந்தது 1998ல, 009 வந்தது 2011ல. 009ல தகடை மெல்லிசு மெல்லிசா பல அடுக்கா ஒட்டி செஞ்சிருக்காங்க, நேராவும் விறைப்பாவும் இருக்கணும், அதே சமயம் காத்து தடையில்லாம போகணும், இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி. 009ல மேல் ஸ்தாயி கொஞ்சம் தூக்கலா கேக்கும், மோசமா ரெக்கார்ட் பண்ணின வயலின் கொஞ்சம் கடிக்கும், நீங்க சொல்றது பொய்யில்ல. ஆனா உங்க 007ஐ எந்த ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபையர்ல) கேக்கறீங்கன்னு எழுதலையே? 009 கொஞ்சம் சின்ன ஆம்ப்லயும் வாய் திறக்கும், 007 திறக்காது, பவர் பத்தாத ஆம்ப்ல போட்டா போர்வை போத்தின மாதிரிதான் இருக்கும். ஒரு நாள் ரெண்டையும் ஒரே நல்ல ஆம்ப்ல, ஒரே சத்தத்துல, மாத்தி மாத்தி வெச்சுக் கேளுங்க. என் ஓட்டு 007க்குத்தான், குரலுக்கு அதுல ஒரு உடம்பு இருக்கு. அதுக்காக உங்க ஃப்ரெண்டுக்குக் காது சரியில்லைன்னு சொல்ல மாட்டேன்.

கேள்வி (சென்னை வாசகி): இவ்வளவு விலை வாங்கிட்டு கேபிளை ஏன் தட்டையா, நாடா மாதிரி, இவ்வளவு அகலமா கொடுக்கறாங்க? பார்க்கவே நல்லால்ல. ஜெர்மன் கம்பெனி சென்ஹைசரோட ஹெச்ஈ 1 ஹெட்போன் செட்ல மார்பிள் எல்லாம் போட்டு அழகா பண்ணியிருக்காங்களே, அதெல்லாம் வெறும் ஷோவா?

பதில்: அந்த நாடா அழகுக்காக வெச்சது இல்லங்க. எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன்ங்கறது ஆம்போட கண்ணுக்கு ஒரு குட்டி கெபாசிட்டர், அதாவது சார்ஜைப் பிடிச்சு வைக்கற பொருள். 009ஐ எடுத்துக்கிட்டா கேபிளையும் சேர்த்து மொத்தமே 110 பிகோஃபாரட் (கெபாசிட்டரோட கொள்ளளவைச் சொல்ற அலகு). கம்பிகளைச் சேர்த்து முறுக்கி உருண்டையா பண்ணினா கேபிளோட பங்கு ஏறிடும், ஏறின அளவுக்கு ஆம்ப் பாட்டுக்கு பதிலா கேபிளை சார்ஜ் பண்ணிட்டு உக்காந்திருக்கும், அதுவும் மேல் ஸ்தாயியில கஷ்டம் இன்னும் கூடும். அதனாலதான் ஆறு கம்பியையும் தள்ளித் தள்ளிப் படுக்க வெச்சிருக்காங்க. மடிச்சு கட்டாதீங்க, தலகாணிக்கு அடியில நசுக்காதீங்க, அது போதும்.

ஹெச்ஈ 1 பத்தி கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. அதுக்கு முன்னாடி சென்ஹைசர் 1990கள் தொடக்கத்துல ஆர்ஃபியஸ்னு ஒண்ணு செஞ்சாங்க, ஹெச்ஈ 90, சுமார் 300 செட்தான். ஹெச்ஈ 1 அதோட வாரிசு, வந்தப்போ விலை சுமார் 50,000 யூரோ. எல்லாரும் அந்த இத்தாலி கராரா மார்பிளைப் பத்தியும், ஆன் பண்ணினா ஆம்ப்ல இருக்கற எட்டு வால்வும் (கண்ணாடிக் குழலும்) மெதுவா மேல எழும்பி வர்றதைப் பத்தியுமே பேசறாங்க. மார்பிளுக்கும் காரணம் இருக்கு, வால்வுங்க அதிர்வை வாங்கி சத்தத்துல சேர்த்துடும், கனமான கல்லு அதை அமுக்கும். ஆனா உண்மையான வேலை அதுல இல்ல, இயர்கப்புக்குள்ள இருக்கு. ஹை வோல்டேஜ் ஆம்போட கடைசிக் கட்டத்தையே கொண்டு போய் காதுப் பக்கத்துல வெச்சுட்டாங்க. நீங்க கேட்ட கேபிள் தலைவலி அங்கேயே முடிஞ்சுது, சார்ஜ் பண்ண நீள கேபிளே இல்ல! நான் ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம் கேட்டிருக்கேன். தம்புரா நின்ன பிறகும் சுருதி காத்துல கரையற வரைக்கும் தெரிஞ்சுது. அந்த விலைக்கு வாங்குவேனான்னு கேட்டா மாட்டேன், ஆனா அந்த யோசனையை மதிக்கறேன்.

டிசைன்னு வந்தா எனக்குப் பிடிச்சது 2021ல வந்த ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-எக்ஸ்9000. 1993ல வந்த ஒமேகா மாடல்ல இருந்த கம்பி வலை யோசனையைத் திரும்ப எடுத்து, பல அடுக்கு தகட்டோட சேர்த்துட்டாங்க. தகடு தடிச்சா ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குட்டி சுரங்கம், சத்தம் அதுல மோதித் திரும்பும். வலைக்கு அந்தப் பிரச்சினை குறைவு.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): செகண்ட் ஹேண்ட்ல ஸ்டாக்ஸ் லாம்டா வாங்கினேன் அண்ணா. அரை மணி நேரம் கேட்டா இடது பக்கம் சத்தம் குறைஞ்சுடுது. ஏமாந்துட்டேனா?

பதில்: பதறாதீங்க தம்பி, எனக்கும் இதே ஆச்சு. நான் வாங்கின பழைய லாம்டாவை வித்தவர் 'கண்டிஷன் சூப்பர்'னு சொன்னார், வீட்டுக்கு வந்து ரெண்டாவது பாட்டுலயே பாடகர் வலது காதுக்குப் போய் உக்காந்துட்டார், அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. சவ்வுல இருக்கற சார்ஜ் கசிஞ்சா இப்படித்தான் ஆகும், கடல் காத்து ஈரம் அதுக்கு முக்கிய காரணம், தூசி இன்னொண்ணு. முதல்ல ஆம்ப்ல இடது வலது இன்புட் ஒயரை மாத்திப் போட்டுப் பாருங்க. அப்பவும் ஹெட்போன்ல அதே இடது பக்கம்தான் குறையுதுன்னா ஆம்புக்கு முன்னாடி இருக்கற எதுவும் காரணமில்ல. அடுத்து ஹெட்போனை மூடி போட்ட டப்பாவுல சிலிகா ஜெல் நிறைய போட்டு ஒரு வாரம் வெச்சு எடுங்க. என்னோடது அதுலயே சரியாச்சு. ஆகலேன்னா சர்வீஸ்தான், நீங்களா பிரிச்சு சவ்வுல கை வெச்சுடாதீங்க. இனிமே கேட்டு முடிச்சதும் டப்பாவுக்குள்ள வைக்கறதைப் பழக்கமாக்கிக்கோங்க, ஸ்டாண்ட்ல திறந்து தொங்க விடறது உங்க ஊருக்கு ஆகாது.

கேள்வி (மதுரை வாசகர்): காதுக்குப் பக்கத்துல 580 வோல்ட், ஷாக் அடிக்காதா?

பதில்: அந்த சார்ஜ் பெரிய மின்தடை வழியாத்தான் சவ்வுக்கு வருது, கரண்ட் மிகக் கொஞ்சம். ஒழுங்கா இருக்கற செட்டைப் போட்டுக் கேக்கறதுல பயமே வேணாம். ஆம்ப் மூடியைத் திறக்கறது வேற விஷயம், உள்ள இருக்கறது ஆளையே கொல்லும். ஆஃப் பண்ணின பிறகும் கெபாசிட்டர்கள்ல மிச்சம் இருக்கும்.

கேள்வி (சேலம் வாசகர்): ஆரம்பிக்க எது நல்லது? கையில காசு கம்மி.

பதில்: ஸ்டாக்ஸ் எல்300, கூட அந்தக் கம்பெனியோட சின்ன ஆம்ப். பிளாஸ்டிக் உடம்பு, தலையை அசைச்சா லேசா கிரீச்சுன்னும், பார்க்க டப்பா மாதிரி இருக்கும், ஆனா 1979ல லாம்டா வந்த நாள்லயிருந்து அந்த டப்பா வடிவம் மாறாம இருக்கறதுக்குக் காரணம் இருக்கு, அவ்வளவு பெரிய சவ்வு அதுக்குள்ளதான் அடங்கும். காஸ்ங்கற அமெரிக்கக் கம்பெனியோட ஈஎஸ்பி 950 பழசு கிடைச்சா அதுவும் நல்ல சரக்கு, குரல் இதமா இருக்கும். ஆனா ஒண்ணு, அதோட பிளக் வேற, ஸ்டாக்ஸ் ஆம்ப்ல அப்படியே மாட்டாது, அதனால அதோட ஆம்பையும் சேர்த்துக் கொடுத்தா மட்டும் வாங்குங்க.