மீதி எங்கே போனது?

கேள்வி: ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் இமாம் புகாரி ஆறு லட்சம் ஹதீஸ்களை (நபிமொழிகளை)த் திரட்டி, ஏழாயிரத்துச் சொச்சத்தை மட்டும் தம் 'ஸஹீஹுல் புகாரி' நூலில் சேர்த்தார் என்கிறார்கள். அப்படியானால் மீதியெல்லாம் பொய்தானே?

பதில்: 'மீதி' என்று எவ்வளவு சுலபமாகக் கழித்துவிட்டீர்கள்! அந்த ஆறு லட்சத்தில் எதை எண்ணினார்கள் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். ஹதீஸ் அறிஞர்கள் எண்ணியது வாசகத்தை அல்ல, அது வந்து சேர்ந்த வழியை. ஒரே நபிமொழியைப் பத்து வழிகளில் கேட்டால் பத்து ஹதீஸ். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸையே பாருங்கள்: 'செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன.' நபித்தோழர் உமர் அவர்களிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மத் இப்னு இப்ராஹீம், அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸயீத் என ஒற்றைக் கோடாக வந்த செய்தி, யஹ்யாவுக்குப் பிறகு ஏராளமான மாணவர்கள் வழியாகப் பரவியது. அத்தனையும் தனித்தனிக் கணக்கு. புகாரியின் நூலுக்குள்ளேயே அது ஏழு இடங்களில் வருகிறது. நூல் நீண்டுவிடும் என்று சரியான ஹதீஸ்கள் பலவற்றையும் விட்டுவிட்டதாக அவரே கூறியிருக்கிறார். இனி எதைப் பொய் என்பீர்கள்?

நம் மேடைகளில் அவருடைய நினைவாற்றலை மட்டுமே புகழ்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா என்று துருவியதுதான் பெரிது. ஹதீஸைக் கேட்டு அடுத்தவருக்குச் சொன்ன அறிவிப்பாளர்களைப் பற்றி மட்டும் 'அத்தாரீக் அல்-கபீர்' என்று தனி நூலே எழுதினார். பதினாறு வயதில் தாயோடும் அண்ணனோடும் ஹஜ்ஜுக்குப் போனவர், கல்விக்காக அங்கேயே தங்கிவிட்டார். பிற்காலத்தில் தம் ஊரான புகாராவின் ஆளுநர், அரண்மனைக்கு வந்து பாடம் நடத்தச் சொன்னபோது, தேவைப்படுபவர் என் பள்ளிவாசலுக்கோ வீட்டுக்கோ வரட்டும் என்று மறுத்தார். பிறந்த ஊரை விட்டே வெளியேற வேண்டி வந்தது. 870-இல் சமர்கந்தை அடுத்த கர்தங்க் என்ற சிற்றூரில் இறந்தார். பதவியில் இருப்பவர் கூப்பிட்டதும் நூலைத் தூக்கிக்கொண்டு ஓடும் அறிஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ஹதீஸ் கல்வி ஆண்களின் துறை' என்று இந்தப் பக்கத்தில் என்னோடு மல்லுக்கு நின்ற சொற்பொழிவாளர் அன்பரே, ஸஹீஹுல் புகாரியைப் பிற்காலத்துக்குக் கடத்திய முதன்மையானவர்களில் ஒருவர் கரீமா அல்-மர்வஸிய்யா என்ற பெண்மணி. பதினோராம் நூற்றாண்டில் மக்காவில் இருந்து பாடம் சொன்னவர். புகாரியிடம் நேரில் கேட்ட ஃபிரப்ரீ, அவரிடம் கேட்ட குஷ்மீஹனீ, அவரிடம் கேட்ட கரீமா என்று மூன்றே கண்ணிகள். மாணவர்கள் எழுதிய படியைத் தம் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடமாட்டார். பாக்தாதின் பேரறிஞர் கதீப் அல்-பக்தாதி ஹஜ்ஜுக்கு வந்தபோது, ஐந்தே நாளில் முழு நூலையும் கரீமாவின் முன் ஓதி முடித்தார். உங்கள் அடுத்த சொற்பொழிவில் கரீமாவின் பெயரை ஒருமுறையாவது சொல்வீர்களா?