நான் எழுதாத ஒரு வரி

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தை ஐந்து வருடங்களாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடுகள் எழுதும் குழுவில் இருக்கிறேன். போன வருடம் எங்கள் எல்லோருக்கும் ஏஐ கருவி கொடுத்தார்கள். கூடவே மாதத்துக்கு இத்தனை பக்கம் என்ற கணக்கையும் இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். முதல் வரைவு சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. அதைச் சரிபார்த்து முடிப்பதற்குள் இரவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் எங்கோ, எப்படிச் சொல்வது, தெரியவில்லை ஐயா. மேலாளரிடம் சொன்னால் "உனக்குச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை" என்கிறார். கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்களாம். கூட இருப்பவர்கள் எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். குறை என்னிடம்தானா? இதை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமா, அல்லது இந்த அலை அடங்கும்வரை பொறுத்திருக்கலாமா?

"கருவி கையை நீட்டுகிறது, கை மனதை நீட்டுகிறது" என்று மொழிபெயர்ப்பு பற்றிய கட்டுரையில் எழுதியவர் நீங்கள். இந்த விஷயத்தில் மட்டும் ஏன் மௌனமாக இருக்கிறீர்கள்? எழுத்தாளர்களின் வேலையே போய்விடும் என்கிறார்களே, உங்களுக்குப் பயமில்லையா?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

நீங்கள் மேற்கோள் காட்டியிருக்கும் அந்த வரியை நான் எழுதவில்லை.

இதை உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது. முதலில் வாசித்தபோது எழுதியிருப்பேன் என்றே நம்பினேன். 'நீட்டுகிறது' நான் அடிக்கடி புழங்கும் வினைதான். மொழிபெயர்ப்பு பற்றி இந்தத் தளத்தில் நான்கு கட்டுரைகள் இருக்கின்றன. நான்கையும் திறந்து வரிவரியாகத் தேடினேன். பழைய நோட்டுகளையும் எடுத்துப் புரட்டினேன். எங்கும் இல்லை. அப்புறம் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கை எப்படி மனதை நீட்டும்? ஓசை இருக்கிறது, என் சாயலும் இருக்கிறது, பொருள் இல்லை.

உங்கள் கருவியிடம் என்னைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள், அது கொடுத்ததை அப்படியே எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதற்குக் கோபப்படாமல் இருக்க என்னால் முடியவில்லை அம்மா. ஐந்து வருடம் வாசித்த ஒருவருக்கு, அந்தக் கட்டுரையை ஒருமுறை திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூடவா இல்லை? இரவெல்லாம் அலுவலகப் பக்கங்களைச் சரிபார்க்கிறவர், தானே விரும்பி எழுதிய கடிதத்தில் ஒரு வரியைச் சரிபார்க்கவில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். அந்த வரி உங்களை எங்கும் நிறுத்தவில்லை. சில மாதங்களாக நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைப் பற்றித்தான். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

பயம் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். என் வேலை போகுமா என்பது இதில் பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அந்த இயந்திரம் யோசிக்கிறதா, அதற்கு மனம் உண்டா என்ற விவாதத்திலும் இறங்கப்போவதில்லை. கால்குலேட்டருக்கு மட்டும் ஒரு வார்த்தை. 17ஐ 23ஆல் பெருக்கச் சொன்னால் அது 391 என்று சொல்லும். ஆயிரம் முறை கேட்டாலும் 391தான். அதனால் ஒரு கட்டத்தில் நாம் சரிபார்ப்பதை விட்டுவிட்டோம், விட்டது நியாயம். உங்கள் கருவிக்குள் இருக்கும் மொழி இயந்திரம் வேலை செய்யும் விதமே வேறு. இதுவரை வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து வரக்கூடிய துண்டு எது என்று நிகழ்தகவைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போகிறது. ஒரே கேள்விக்கு இன்று ஒரு பதில் வரும், நாளை வேறொன்று வரலாம். சரிபார்க்க வேண்டியதில்லை என்ற நிலைக்கு வராத ஒன்றைக் கால்குலேட்டரோடு சேர்த்துப் பேசுவது தவறு என்று உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள்.

2023இல் நியூயார்க்கில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். விமான நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் முன்னுதாரணமாகக் காட்டியிருந்த தீர்ப்புகளில் ஆறு, உலகத்தில் எங்கும் இல்லாதவை. சாட்ஜிபிடி புனைந்தவை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. என்னை உலுக்கியது அபராதம் இல்லை. இடையில் அந்த வழக்கறிஞர்களில் ஒருவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. இது உண்மையான வழக்குதானா என்று கேட்டிருக்கிறார். யாரிடம்? அதே இயந்திரத்திடம். ஆம் என்றிருக்கிறது.

இயந்திரம் இப்படி இல்லாததைப் புனைந்து சொல்வதைப் பிரமை என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. பிரமை என்றால் எப்போதோ தவறிப்போய் நிகழ்வது. இங்கே சரியான விடையும் பொய்யான விடையும் ஒரே வழியில்தான் உண்டாகின்றன. 2025 செப்டம்பரில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்களே ஒரு கட்டுரையில் இதை விளக்கினார்கள். பயிற்சியும் தேர்வுகளும் ஊகிப்பவருக்குத்தான் மதிப்பெண் தருகின்றன, தெரியாது என்று எழுதினால் பூஜ்யம், அதனால் இயந்திரம் ஊகிக்கப் பழகிவிடுகிறது என்றார்கள். தேர்வில் ஒரு கேள்வியையும் விடாமல் எதையாவது எழுதி வைக்கிற மாணவனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

என் இருபத்து மூன்றாவது வயதில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். நாங்கள் புரூஃப் என்றுதான் சொல்வோம். அங்கே தலைமை மெய்ப்பாளர் ஒருவர் இருந்தார், அறுபதைத் தாண்டியவர். பெரியவர் என்று கூப்பிடுவோம். முதல் வாரம் ஒரு வாழ்க்கை வரலாற்று நூலின் நாற்பது பக்கங்களை என்னிடம் கொடுத்தார். விடுபட்ட ஒற்றுகள், இடம் மாறிய லகர ளகரம், தலைகீழாக விழுந்த மேற்கோள் குறி என்று எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தி, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எழுத்துப்பிழை எல்லாம் பிடித்துவிட்டாய். எந்த வாக்கியத்தில் நீ நிற்கவே இல்லை?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் கடைசித் தாளை என் பக்கம் திருப்பினார். '1911இல், இருபது வயதுகூட நிரம்பாத இளைஞராக, அவர் தன்னந்தனியாகக் கப்பலேறினார்.' அழகான வாக்கியம். ஒரு எழுத்துப்பிழை இல்லை. அப்புறம் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து அருகில் வைத்தார். அதில் அந்த மனிதர் பிறந்த வருடம் 1882 என்று இருந்தது. கப்பலேறியபோது இருபத்தொன்பது வயது. இரண்டு பக்கங்களையும் நான்தான் ஒரே நாளில் படித்திருந்தேன்.

பெரியவர் பென்சிலை எடுத்து, அந்த அழகான வாக்கியத்துக்கு நேராக, தாளின் ஓரத்தில் கடுகளவு ஒரு கேள்விக்குறி போட்டார். "கரடுமுரடாக இருக்கிற இடத்தில் எழுதினவனே நின்று யோசித்திருப்பான். வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில்தான் யாருமே நிற்கவில்லை" என்றார்.

அதற்குப் பிறகு நான் படித்த கைப்பிரதிகளில் எல்லாம் இதைப் பார்த்தேன். மனிதர் எழுதும்போது சந்தேகம் தடம் விட்டுப் போகிறது. ஒரு தேதிக்கு முன்னால் 'ஏறத்தாழ' என்று இருக்கும். பெயருக்கு இடம் விட்டு, பிறகு நிரப்பலாம் என்று புள்ளி வைத்திருப்பார்கள். ஒரு சொல்லை அடித்து வேறு சொல் எழுதி, அதையும் அடித்து முதல் சொல்லுக்கே திரும்பியிருப்பார்கள். வாக்கியம் பாதியில் திணறும். எழுதியவருக்கு எங்கே தரை உறுதியாக இல்லையோ அங்கே எழுத்தும் தடுமாறும். எப்போதும் அப்படி இல்லை, கப்பலேறிய இளைஞரைப் போலவும் நடக்கும். ஆனாலும் மெய்ப்பாளர்கள் அந்தத் தடங்களைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்தோம். எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்பதை எழுதியவரே சொல்லிவிடுவார்.

உங்கள் கருவி தரும் பக்கத்தில் அந்தத் தடம் கிடையாது. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்கிறது. கேட்டுக்கொண்டால் 'எனக்கு உறுதியில்லை' என்றும் எழுதும், ஆனால் அதை எந்த இடத்தில் போட வேண்டும் என்பது அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. ஆகவே முப்பது பக்கம் என்றால் முப்பது பக்கத்தையும் ஒரே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். எந்த வரியும் உங்களுக்கு உதவி செய்யாது. பத்து வருடம் மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சரிபார்ப்பு வேலையிலேயே மிகக் கடினமானது இதுதான். உங்கள் நிறுவனம் எழுதுகிற வேலையை உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு, இந்த வேலையைத் தலையில் கட்டியிருக்கிறது. அதை வேலை என்று கணக்கில்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சமானதாகச் சொல்லப்படும் நேரம் முழுக்க உங்கள் இரவுகளிலிருந்து எடுக்கப்பட்டது. இதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை.

எல்லோரும் பிரமாதம் என்கிறார்களே என்று கேட்டீர்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. 2025இல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு அனுபவம் மிகுந்த 16 நிரலாளர்களை அவர்களுக்கு நன்றாகப் பழகிய திட்டங்களிலேயே 246 வேலைகள் செய்யவைத்தது. சிலவற்றில் ஏஐ கருவியைப் பயன்படுத்தலாம், சிலவற்றில் கூடாது. பயன்படுத்தியபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. ஆனால் வேலை முடிந்த பிறகு கேட்டால், கருவியால் 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகவே நம்பினார்கள். சிறிய ஆய்வு, எல்லா வேலைக்கும் இதைப் பொருத்த முடியாது. ஆனால் வேகமாக நடந்தது என்ற உணர்வை மட்டும் வைத்துக்கொண்டு பேச முடியாது என்பதற்கு இது போதும். கடிகாரத்தைப் பாருங்கள். வரைவுக்கு எத்தனை நிமிடம், சரிபார்ப்புக்கு எத்தனை மணி என்று ஒரு மாதம் தேதி போட்டு எழுதி வையுங்கள். உங்கள் மேலாளர் பக்கக் கணக்கோடு வருவார், நீங்கள் நேரக் கணக்கோடு போங்கள்.

கற்றுக்கொள்ளலாமா என்றால், தாராளமாக. ஒரு பார்வையில் தப்பு தெரிந்துவிடும் இடங்களில் அது உதவும். ஓடவிட்டுப் பார்க்கக்கூடிய சின்ன நிரல், நீங்களே எழுதிய பத்தியைச் சுருக்குவது, பட்டியலை அட்டவணையாக்குவது. விடை உங்களுக்கே தெரியாத இடத்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

அலை அடங்குமா என்பதற்கு ஒரு பழைய கதை. 1954 ஜனவரியில் ஐபிஎம் நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அறுபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை ஒரு கணினியை வைத்து ஆங்கிலமாக்கிக் காட்டினார்கள். அதன் அகராதியில் இருந்தது 250 சொற்கள், இலக்கண விதிகள் ஆறு. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மொழிபெயர்ப்புச் சிக்கல் தீர்ந்துவிடும் என்றார்கள். 1966இல் அமெரிக்க அரசு அமைத்த குழு நம்பிக்கையிழந்து அறிக்கை கொடுத்தது, பணமும் வற்றியது. இன்று இயந்திர மொழிபெயர்ப்பு ஓரளவு நடக்கிறது, நானே பயன்படுத்துகிறேன். வந்து சேர அறுபது வருடம் ஆனது. அவர்கள் காட்டிய வாக்கியங்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அவை முன்கூட்டியே பொறுக்கி எடுத்தவை. இன்று மேடையில் நடக்கும் ஒவ்வொரு செயல்விளக்கத்தையும் பார்க்கும்போது எனக்கு அந்த 250 சொற்கள் ஞாபகம் வருகின்றன.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நான் எழுதாத வரியைப் பார்த்ததும், இந்தக் கடிதம் முழுவதையுமே இயந்திரம்தான் எழுதியிருக்குமோ என்று தோன்றியது. பதில் போட வேண்டாம் என்று மூடிவைத்தேன். இரவு மறுபடி திறந்தேன். 'எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் எங்கோ, எப்படிச் சொல்வது, தெரியவில்லை ஐயா' என்று ஒரு இடத்தில் நின்றுபோயிருக்கிறீர்கள். அந்த வரிக்கு நேராகப் பென்சிலால் ஒரு குறி போட்டேன். அப்புறம் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.