மேடில்லாத வீதியைத் தேடுவதற்கு முன் காற்றின் திசையைப் பாருங்கள்: திருகோணமலைக் கரையோரத்தில் முழங்கால் நோகாமல் சைக்கிள் ஓட்ட

அலஸ்தோட்டத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது. அவருக்கு வயது 61. முழங்கால் தேய்மானம் இருப்பதால், மேடு ஏறாமல் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். கடலையோ களப்பையோ பார்த்தபடி ஓடக்கூடிய மட்டமான வீதி எது என்று கேட்கிறார். இதற்கிடையில், கடற்கரையில் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் ஒருவர், கடற்படைத் தளத்துக்குள் ஆளரவமற்ற நீரோர வீதி ஒன்று இருப்பதாகவும், தானே அனுமதி எடுத்து வழிகாட்டியோடு அழைத்துப் போவதாகவும், அதற்கு முற்பணமும் தேசிய அடையாள அட்டையும் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். கொடுக்கலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்காதீர்கள். பணத்தையும் கொடுக்காதீர்கள், அட்டையையும் கொடுக்காதீர்கள். கடற்படைத் தளத்துக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்பதை அந்தத் தளத்தின் அதிகாரிகள் தீர்மானிப்பார்கள். அந்த அனுமதியைக் கையில் வைத்து விற்கும் அதிகாரம் வெளியில் எந்தத் தரகருக்கும் கிடையாது. இப்படிப்பட்ட பேரங்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் முடிகின்றன. குறித்த நாள் காலையில் மேலிடத்திலிருந்து யாரோ வருவதாகவும் அதனால் உள்ளே விடமாட்டார்கள் என்றும் ஒரு காரணம் வரும். அதன் பிறகு, நீங்கள் ஒரு சதமும் செலவழிக்காமல் போகக்கூடிய பொதுவீதியிலேயே உங்களைச் சுற்றிக் காட்டிவிட்டு, முற்பணம் செலவாகிவிட்டது என்பார்கள். பிரெடெரிக் கோட்டைக்குள்ளும் இராணுவ முகாம் இருக்கிறது. ஆனால் கோணேசர் கோயிலுக்குப் போகும் வீதி அடியார்கள் அனைவருக்கும் திறந்தே இருக்கிறது. அதைக்கூட விசேட அனுமதி என்று சொல்லி வெளியூர்க்காரரிடம் காசு பறிப்பவர்கள் இருக்கும் ஊரில், இல்லாத வீதிக்கு முற்பணம் கேட்பதில் வியப்பில்லை.

அடையாள அட்டை விடயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிணையாக அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது முன்பே வளைந்திருந்த விளிம்பையும் முன்பே கிழிந்திருந்த ஆசனத்தையும் காட்டி நட்டஈடு கேட்பது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். அட்டை அவர் மேசை இலாச்சிக்குள் இருக்கும்வரை உங்களால் வாதாடவும் முடியாது, வீட்டுக்குப் போகவும் முடியாது. தேவையானால் அட்டையைக் காட்டுங்கள், இலக்கத்தை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ஆனால் கையைவிட்டு விடாதீர்கள். எடுக்கும்போதே சைக்கிளின் இரு பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்து, அவர் கண்முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீதிக்கு வருவோம். நில அளவையாளனாக மட்டம் பார்த்தே பழகிய எனக்கு, 'மட்டமான வீதி' என்ற சொல்லைப் பலர் தவறாகப் பயன்படுத்துவது தெரியும். 100 மீற்றர் தூரத்துக்கு 1 மீற்றர் உயர்ந்தால் அது நூற்றுக்கு 1 சாய்வு. அதை முழங்கால் உணராது. 5 மீற்றர் உயர்ந்தால் உணரும், நோகும். நம் கரையோரம் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. ஆனால் கைபேசிச் செயலி காட்டும் ஏற்றக் கணக்கை நம்பி வீதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவற்றில் பல, விண்வெளியிலிருந்து அளந்த உயரங்களை வைத்துக் கணக்கிடுகின்றன. பனைவடலியின் உச்சியும் கட்டடத்தின் கூரையும் அந்த அளவில் கலந்துவிடுவதால், கரப்பந்தாட்டத் திடல் போல மட்டமான வீதிக்கும் பல மீற்றர் ஏற்றம் காட்டும். அதே செயலிகள் கடலுக்குப் போகும் குறுக்குவழி என்று காட்டும் கோடுகளில் பல, மணல் ஒழுங்கையிலோ விடுதியின் மதிலிலோ முட்கம்பி வேலியிலோ போய் முடியும்.

கரையோரத்தில் உங்களுக்கு உண்மையான மேடு காற்றுதான். மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் போகும் உங்களுக்கு எதிரே அதே 12 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், காற்றின் தடை இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அந்தத் தடை கூடுவதே இதற்குக் காரணம். மேட்டுக்கு ஒரு முடிவு உண்டு, இறக்கமும் உண்டு. எதிர்காற்று வீடு வரைக்கும் கூடவே வரும். ஆகவே, களைப்பில்லாத முதல் பாதியில் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிற்பாதியில் காற்றோடு திரும்புங்கள்.

இந்த விதிக்கு உங்கள் வீடு மிக வாய்ப்பான இடத்தில் இருக்கிறது. அலஸ்தோட்டத்திலிருந்து தெற்கே போனால் நகரம், வடக்கே போனால் சாம்பல்தீவும் நிலாவெளியும். வைகாசி முதல் புரட்டாதி வரை மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து கச்சான் வீசும். அந்த மாதங்களில் புறப்படும்போது நகரத்தை நோக்கிப் போங்கள், திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். கார்த்திகைக்குப் பின் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது வடக்கே போங்கள், அதுவும் மழை விட்ட நாட்களில். பங்குனி, சித்திரையில் காற்று அடங்கியிருக்கும், எந்தப் பக்கமும் போகலாம். எந்த மாதமானாலும் விடியற்காலை 6 மணியளவில் புறப்பட்டு, 9 மணிக்குள் வீட்டில் இருங்கள்.

நகரப் பக்கம் போகும்போது, டச்சுக் குடாவின் கரையோரமாகக் கோட்டை வாயில் வரை போகலாம். வாயிலோடு நின்றுவிடுங்கள், அதற்கு அப்பால் கோயில் வரைக்கும் வீதி ஏறிக்கொண்டே போகும். அங்கிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்தால் சற்றுத் தூரத்திலேயே மறுபக்கத்து நீர் வந்துவிடும். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் அலையில்லாத உட்துறைமுகம் என்று இரண்டு நீருக்கும் இடையில் ஒடுங்கிய நிலத்தில் இந்த நகரம் அமைந்திருப்பது உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும் கொடை. உட்துறைமுக வீதியில் துறைமுக நீரைப் பார்த்தபடி போங்கள். வீதி உவர்மலைப் பக்கமாக உயரத் தொடங்கும் இடத்தில் திரும்பிவிடுங்கள். விடிகாலையில் புள்ளிமான்கள் கடற்கரைப் பக்கமும் வீதியிலும் நிற்கும். ஒரு மான் குறுக்கே கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று எண்ணி நில்லுங்கள். மணியடித்தால் அவை எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

வடக்கே நிலாவெளி வீதி, புல்மோட்டை வரை போகும் பி 424 வீதி. நகரத்திலிருந்து நிலாவெளி ஏறக்குறைய 15 கிலோமீற்றர் என்பதால் உங்கள் வீட்டிலிருந்து அதைவிடக் குறைவு. மட்டமான கார்ப்பெட் வீதிதான், ஆனால் அதன் பெரும்பகுதியில் கடல் தெரியாது. சாம்பல்தீவுப் பாலத்தடியில் களப்பு தெரியும். காலையில் வீச்சுவலைக்காரர்கள் இடுப்பளவு நீரில் நிற்பதைப் பார்க்கலாம். அதன் பின் இறக்கக்கண்டிப் பாலம் வரும்வரை நீரைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே திரும்பும் ஒழுங்கைகளுக்குள் இறங்க வேண்டும். அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயம் என்று வரையறுத்து, அதற்குள் அபிவிருத்தி வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்கிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், மீனவர்கள் தலைமுறையாக நடந்த ஒழுங்கைகளுக்குக் குறுக்கே ஒவ்வோர் ஆண்டும் புதிய வேலி முளைக்கிறது. கடலுக்குப் போகும் பொதுவழி இது என்று ஓர் அறிவிப்புப் பலகை நாட்டுவதற்குக்கூட எவருக்கும் மனம் வருவதில்லை.

கார்ப்பெட் வீதியின் ஓரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தார் முடியும் இடத்தில் மண் அரித்துப்போய், இரண்டு மூன்று விரல் ஆழத்துக்கு ஒரு விளிம்பு நிற்கும். அதன் மேல் கடற்கரை மணல் மெல்லிய படலமாகப் பரவியிருக்கும். பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்தவுடன் பதறி ஓரத்தில் இறங்கி, மீண்டும் சாய்வாக ஏற முயலும்போதுதான் முன்சில்லு வழுக்கி ஆட்கள் விழுகிறார்கள். இறங்க நேர்ந்தால் நேராக இறங்கி, நின்று, சைக்கிளைத் தூக்கி வைத்து ஏறுங்கள். இதைப் பற்றி ஓர் அலுவலகத்துக்கு நான் எழுதியபோது, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள மண் தங்கள் பொறுப்பில் வராது என்று பதில் வந்தது. வாகனம் வேகமாக ஓடுவதற்காக வீதி போடுகிறவர்கள், அதன் ஓரத்தில் போகும் மனிதரை யாருடைய பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

மட்டமான வீதி என்று நான் சொல்வதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது பாலம். களப்பின் வாய்களைக் கடக்கும் பாலங்கள் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டப்பட்டவை. அதனால் இரு முனைகளிலும் அணுகுவீதி உயர்ந்து வரும். இது சிறிய ஏற்றந்தானே என்று ஆசனத்தை விட்டு எழுந்து நின்று மிதிப்பது பலருடைய பழக்கம். அப்படி மிதிக்கும்போது உடலின் பாரம் முழுவதும் மடிந்த ஒரே முழங்காலில் இறங்குகிறது, தேய்ந்த மூட்டுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, சமநிலத்தில், பின்னால் வாகனம் வரவில்லை என்று பார்த்து இறங்கிவிடுங்கள். பாதி ஏற்றத்தில் வேகம் குறைந்து தள்ளாடும்போது இறங்குவதுதான் ஆபத்து. பிறகு சைக்கிளை வீதிப் பக்கமும் உங்களைக் கைபிடிச்சுவர்ப் பக்கமும் வைத்துக்கொண்டு தள்ளிச் செல்லுங்கள். பாலத்தின் நடுவே மரமோ வீடோ மறைப்பதற்கு இல்லாததால் கச்சான் பக்கவாட்டில் அடிக்கும், சேலை அணிந்திருந்தால் முந்தானை சில்லில் சிக்கும். மறுமுனை இறக்கத்திலும் ஏறாதீர்கள், சமநிலம் வந்த பிறகே ஏறுங்கள். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளமானது. முன்னர் பாதைப் படகு ஓடிய நீர் மீது அதை நடந்தே கடப்பது ஒரு நல்ல அனுபவம். பாலத்துக்கு அப்பால் மூதூர் நோக்கிப் போகும் ஏ 15 வீதி, மகாவலி கடலில் கலக்கும் தாழ்நிலத்தின் ஊடாக வயலும் நீருமாகப் போகிறது. ஆனால் நகரத்திலிருந்து சீனக்குடா வழியாக அங்கே சைக்கிளில் போக முயலாதீர்கள். சீமெந்தும் மாவும் எண்ணெயும் ஏற்றிய பாரவூர்திகள் ஓடும் வீதி அது. சைக்கிளை வாகனத்தில் ஏற்றிக் கிண்ணியாவில் இறக்கிக்கொள்ளுங்கள்.

கடற்கரை மணலில் ஓட்டலாம் என்று அந்த வாடகைக்காரர் ஆசை காட்டினால் அதையும் தட்டிவிடுங்கள். நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகையால் ஓட்டுவதற்கு வேண்டிய, நீர் வடிந்து இறுகிய அகன்ற ஈரமணல் இங்கே அமைவதில்லை. கரைவலை இழுக்கும் நேரத்தில் கயிறு கணுக்கால் உயரத்தில் விறைத்து நிற்கும். உப்புநீர் தெறித்த சங்கிலி சில நாட்களிலேயே துருவேறி இறுகி, மிதிப்பதற்கே இரட்டைப் பலம் கேட்கும்.

இதே காரணத்துக்காக, தடித்த சில்லும் முன்பக்கச் சுருள்வில்லும் கொண்ட 'மலைச் சைக்கிள்' எதையும் வாங்கிவிடாதீர்கள். பழைய வண்டிக்குப் புதுப் பெயின்ற் அடித்து, வயதானவர்களின் மூட்டுக்கு நல்லது என்று விற்கும் தரகர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுருள் உங்கள் பலத்தில் ஒரு பங்கை விழுங்கும். வீட்டில் பழைய பெண்கள் சைக்கிள் இருந்தால் அதுவே போதும், காற்றை இறுக நிரப்பி, இரண்டு பிறேக்கும் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆசனத்தை உயர்த்துங்கள்: மிதி கீழே இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நிமிர வேண்டும். கீழே இறங்கிய ஆசனந்தான் முழங்காலை நோகச் செய்கிறது. நிலத்தில் கால் ஊன்ற வசதி என்று பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதம் கச்சான் பலமாக வீசும் நாட்களில் வந்திருக்கிறது. ஆகவே இப்போதைக்கு நகரப் பக்கம் மட்டும் போங்கள். முதல் சில நாட்கள் டச்சுக் குடா வரை போய்த் திரும்பி, மறுநாள் காலையில் முழங்கால் வீங்கவில்லை என்றால் உட்துறைமுக வீதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலாவெளிப் பக்கம் வாடை தொடங்கி, முதல் மழை ஓய்ந்த பிறகு போகலாம்.