ஈரலுக்குக் குருதி தடைப்பட்டால்: கேள்வி பதில்

சாவகச்சேரியிலிருந்து: அப்பாவின்ரை ஈரல் கட்டியை வெட்டப்போகினம். இடையிலை இரத்தத்தை நிப்பாட்டுவினமாம். ஈரல் பழுதாகாதோ?

ஈரலுக்கு வரும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் வாயில் நாளத்தாலும், மிச்சம் ஈரல் நாடியாலும் வருகிறது. இரண்டும் பித்தக்குழாயோடு ஒரே மடிப்புக்குள் ஓடுவதால், அதைச் சுற்றி நாடா போட்டு இறுக்கினால் வரத்து நின்றுவிடும். 1908 இல் பிரிங்கிள் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் எழுதிய முறை இது. வழமையாக 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்தி, திரும்பவும் இறுக்குவார்கள். தளர்த்தும்போது வெட்டுமுகம் கசியும்தான். அதற்குப் பயந்து அந்த 5 நிமிடத்தைச் சுருக்கினால் ஈரல்தான் அடிவாங்கும். ஈரலிலிருந்து குருதியை வெளியே கொண்டுபோகும் ஈரல் நாளங்கள் வழியே பின்னோக்கி வரும் கசிவை நாடா தடுக்காது. மயக்க மருந்து வைத்தியர் இதயத்துக்குத் திரும்பும் பெரிய நாளத்திலுள்ள அமுக்கத்தை (மைய நாள அமுக்கம்) தாழ்த்தி வைப்பது அதற்காகத்தான்.

கொக்குவிலிலிருந்து: இரத்தம் திரும்பி வந்தால் எல்லாம் சரிதானே?

இல்லை, பாதிச் சேதம் அப்போதுதான் தொடங்குகிறது. ஒட்சிசன் இல்லாதபோது கலத்தின் சக்திப்பொருளான ஏ.டி.பி. தீர்ந்து, கலத்துக்குள் சோடியம் ஏறி, கலம் ஊதும். ஒட்சிசன் திடீரென வந்ததும் கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணிகள், கலத்தை அரிக்கும் சுயாதீன மூலிகங்களைக் கக்கும். ஈரலின் காவற்கலங்களான குப்பர் கலங்கள் வெண்குழியங்களைக் கூப்பிடும். அவை ஊதிய கலங்களுக்கிடையிலுள்ள நுண்குழாய்களில் ஒட்டி அடைத்துக்கொள்ள, பெரிய குழாய் திறந்திருந்தும் உள்ளே குருதி போகாது. கொழுப்பு ஈரலில் அந்த நுண்குழாய்கள் முதலே நெருக்குண்டு கிடப்பதால் தாங்கும் நேரம் குறைவு. மதுவும் ஈரலில் கொழுப்பேற்றும் என்பதால், சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்தவுடன் குடியை நிறுத்துங்கள்.

நல்லூரிலிருந்து: கீழ்காய்நெல்லிச் சாறு முன்கூட்டியே குடிக்கலாமோ?

வேண்டாம். இந்தச் சேதத்தைத் தடுக்கும் என்று நிரூபணமான சாறும் இல்லை, குளிசையும் இல்லை. ஏற்கெனவே குடித்திருந்தால் மயக்க மருந்து வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

பருத்தித்துறையிலிருந்து: டெங்கிலை தம்பிக்கு எஸ்.ஜி.பி.டி. ஆயிரங்களிலை ஏறிட்டுது. ஏன்?

எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் கலங்கள் பழுதானால் குருதியில் ஏறும் ஒரு நொதியம். டெங்குக் கிருமியே ஈரலைத் தாக்கும். ஆனால் ஆயிரங்களில் ஏறினால் குருதியமுக்கம் விழுந்து ஈரல் பட்டினி கிடந்ததா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் இறங்கும் நேரந்தான் திரவம் குழாயை விட்டுக் கசியும். கைகால் குளிர்வது, 6 மணித்தியாலம் சலம் போகாதது, விடாத வயிற்றுவலி: ஏதாவதொன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அமுக்கம் நிமிர்ந்தால் எண் சில நாட்களில் விறுவிறென்று இறங்கும். எண் இறங்கியும், குருதி உறைய எவ்வளவு நேரமெடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ஏறினால்தான் கவலை. பனடோல் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. 50 கிலோ ஆளுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்றரை, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. ஈரல் எண் ஏறியபின் வைத்தியரைக் கேளாமல் அதுவும் வேண்டாம். புரூபன், டைக்குளோபெனாக் போன்ற நோக்குளிசைகளைத் தொடவே கூடாது.