விபிஎன் கேள்விகள்: கிளிநொச்சிக் கடையிலிருந்து பதில்கள்

கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். திரை உடைந்தும் சார்ஜ் ஏறாமலும் வரும் போன்களில், திரையின் மேல் மூலையில் ஒரு சின்னச் சாவிப் படம் அடிக்கடி கண்ணில் படும். விபிஎன் (VPN, இணையப் போக்குவரத்தை வேறோர் இடத்துக் கணினி வழியாக அனுப்பும் செயலி) ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். "இதை ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டால், "மருமகன் போட்டுத் தந்தவர்" என்பார்கள். அதற்கு மேல் பதில் வராது. அதனால்தான் தெரிந்தவர்களிடம் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் சிலவும் என் பதில்களும் இங்கே.

முள்ளியவளையிலிருந்து ஒரு ரீச்சர்: வெளியில் வை-ஃபை பாவிக்கும்போது விபிஎன் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். அது என்னதான் செய்கிறது?

ரீச்சர், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது சாதாரணமாக உங்கள் சிம் கம்பனிக்கோ வை-ஃபை வைத்திருப்பவருக்கோ தெரியும். அங்கே என்ன எழுதினீர்கள், என்ன பாஸ்வேர்ட் போட்டீர்கள் என்பது தெரியாது. பூட்டுப் படம் உள்ள தளங்கள் அதை ஏற்கெனவே மறைத்துவிடுகின்றன. விபிஎன் போட்டால் எல்லாப் போக்குவரத்தும் வழியில் யாரும் வாசிக்க முடியாதபடி உங்கள் போனுக்குள்ளேயே பூட்டப்பட்டு, உதாரணமாகச் சிங்கப்பூரில் உள்ள ஒரு சேர்வருக்கு (விபிஎன் கம்பனியின் கணினிக்கு) போய், அங்கிருந்து வெளியே போகும். சிம் கம்பனிக்கு அந்தச் சேர்வர் மட்டும்தான் தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். முன்பு வாசலில் நாற்காலி போட்டு, யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது சிம் கம்பனி. இப்போது அதே நாற்காலியில் விபிஎன் கம்பனி இருக்கிறது. நாற்காலி காலியாகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. புதிய ஆள் பழைய ஆளை விட நல்லவரா என்பதுதான் முழுக் கேள்வியும். முன்பின் தெரியாத வை-ஃபையில் போடுவது நல்லது. உங்கள் சொந்த டேட்டாவில் இருக்கும்போது அவ்வளவு அவசரமில்லை.

அறிவியல் நகர் கம்பஸ் மாணவன்: பிளே ஸ்டோரில் இலவசமாக நூறு விபிஎன் இருக்கிறது. எதையாவது போடலாமா அண்ணா?

"எதையாவது" மட்டும் வேண்டாம் தம்பி. சேர்வருக்கு மாதா மாதம் காசு கட்ட வேண்டும். நீ கட்டாவிட்டால் வேறு யாரோ, வேறு எதற்கோ கட்டுகிறார்கள்.

2016இல் அவுஸ்திரேலியாவின் அரச ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 283 அன்ட்ரொய்ட் விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 வீதமானவற்றில் தீங்கான நிரல்களின் அடையாளம் இருந்தது. 18 வீதமானவை போக்குவரத்தைப் பூட்டவே இல்லை. அதாவது சாவிப் படம் மட்டும் இருக்கிறது, கதவு திறந்து கிடக்கிறது. 2020இல் யூஎஃப்ஓ விபிஎன் என்ற ஹொங்கொங் செயலியைப் பாவித்தவர்கள் பற்றிய பதிவுகள் இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய மாதிரிக் கிடந்தன. பதிவே வைப்பதில்லை என்று விளம்பரம் செய்தவர்கள் அவர்கள். பேஸ்புக் கூட 2013இல் ஒனாவோ என்ற கம்பனியை வாங்கி, "பாதுகாப்பு" என்ற பெயரில் ஒரு விபிஎன்னைக் கொடுத்து, மக்கள் வேறு எந்தச் செயலிகளைப் பாவிக்கிறார்கள் என்று பார்த்தது. 2018இல் அது அப்பிள் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டது.

முதல் தடவை விபிஎன்னை இயக்கும்போது அன்ட்ரொய்ட் ஒரு பெட்டியைக் காட்டும். இந்தச் செயலி உங்கள் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். இந்த விடயத்தில் எவரும் சொல்லாத உண்மையை அந்தப் பெட்டிதான் சொல்கிறது. நம் ஆட்கள் அதை வாசிக்காமலே ஓகேயை அழுத்துவார்கள்.

இலவசமாகத்தான் வேண்டும் என்றால் புரோட்டன் விபிஎன்னின் இலவசப் பிரிவைப் போடு. சுவிற்சர்லாந்துக் கம்பனி, காசு கட்டுபவர்களின் பணத்தில் ஓடுகிறது, டேட்டா அளவுக் கட்டுப்பாடும் இல்லை. நாட்டை நீ தெரிவு செய்ய முடியாது, ஒரு போனில் மட்டும்தான் ஓடும். அது போதும்.

மல்லாவிக் கடைக்காரர்: யூடியூபுக்கென்று தனியாக பக்கேஜ் போட்டேன். இரண்டு நாளில் சாதாரண டேட்டா முடிந்துவிட்டது. யூடியூப் டேட்டா அப்படியே இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

விபிஎன் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் ஏமாற்று இல்லை அண்ணை. நீங்கள் பார்ப்பது யூடியூப் என்று சிம் கம்பனிக்குத் தெரிந்தால்தானே அந்தக் கணக்கில் கழிக்கும்? விபிஎன் அதைத்தான் மறைக்கிறது. வட்ஸ்அப், பேஸ்புக் பக்கேஜ்களுக்கும் இதே கதைதான். அதோடு பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவதால் டேட்டாவும் கொஞ்சம் கூடுதலாகவே போகும், பற்றரியும் இறங்கும். இதற்காகவே என் கடைக்கு வந்து சிம்மை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

பரந்தன்: டெலிகிராமில் ஒருவர் 300 ரூபாய்க்கு ஒரு ஃபைல் தருகிறார். போட்டால் சூம் பக்கேஜில் எல்லாமே ஓடுகிறது. அதுவும் விபிஎன்தானா?

கிட்டத்தட்ட அதுதான், வீ2ரே என்ற மென்பொருள் செய்வது போன்ற வேலை. உங்கள் போக்குவரத்துக்கு சூம் வேஷம் போட்டு அனுப்புகிறது. சிம் கம்பனி கண்டுபிடித்தால் நிறுத்தும், அது வேறு கதை. உங்கள் போனில் இருந்து போவதெல்லாம் போய் இறங்கும் இடம், முகம் தெரியாத ஒருவர் வாடகைக்கு எடுத்த சேர்வர். 300 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் அவரை வாசல் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

ஒட்டுசுட்டான்: வங்கிச் செயலி திறக்கவில்லை.

விபிஎன்னை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். நீங்கள் திடீரென்று நெதர்லாந்தில் நிற்பதாக வங்கி நினைக்கிறது.

விசுவமடு: விபிஎன் போட்டால் நான் நிற்கும் இடம் தெரியாதுதானே?

ஜிபிஎஸ் தெரியும், சிம் எந்தக் கோபுரத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். விபிஎன் மாற்றுவது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்களைக் காட்டும் இலக்கத்தை மட்டும்தான்.

வவுனியா: அடுத்த மாதம் டுபாய் போகிறேன். வட்ஸ்அப் கோல் அங்கே வேலை செய்யாதாம். விபிஎன் ஏற்றிக்கொண்டு போகவா?

வேண்டாம் தம்பி. இலங்கையில் விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. எமிரேட்ஸில் 2021இன் 34ஆம் இலக்கச் சட்டப்படி, விபிஎன்னைக் கொண்டு குற்றம் செய்தாலோ அதை மறைத்தாலோ தண்டப் பணம் 5 இலட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. தடுத்த சேவையைத் திறப்பதும் அதற்குள் இழுபடலாம். வீட்டுக்குக் கதைக்க, அங்கே அனுமதித்த பொடிம் போன்ற செயலியை இப்போதே அம்மாவின் போனில் ஏற்றிக் காட்டிவிட்டுப் போங்கள்.

தருமபுரம்: வேறு பெயரில் கணக்குத் திறந்து, விபிஎன்னும் போட்டால் எதையும் எழுதலாமா? பொலிஸ் பிடிக்காதே?

2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்களை நிறுத்தினார்களே, அப்போது ஊரே விபிஎன் தேடியது. தடையைத் தாண்ட அது நல்ல கருவி. ஆளை மறைக்க அரைகுறைக் கருவிதான். அந்தக் கணக்கை எந்த நம்பரில் திறந்தீர்கள்? அந்த சிம் யாருடைய அடையாள அட்டையில் இருக்கிறது? ஒரே ஒரு தடவை விபிஎன் போட மறந்து உள்ளே போனீர்களா? அதுவே போதும். இணையத்தில் போடும் பதிவுகளுக்கான 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. ஆளைத் திட்டத்தான் கேட்கிறீர்கள் என்றால் நான் உதவப் போவதில்லை.

கிளிநொச்சி, ஒரு அம்மா: காணாமல் போன என் மகனின் படங்கள், கடிதங்கள், முறைப்பாட்டுக் கோப்பிகள் எல்லாம் ரப்பில் (டப்லெட்டில்) இருக்கின்றன. போராட்டத்துக்கும் கொண்டு போகிறேன். விபிஎன் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்களா?

அம்மா, உங்களுக்குத்தான் ஆறுதலாக எழுத வேண்டும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசாமி கோயிலடியில் காணாமல் போனவர்களின் உறவினர்கள் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து உங்களைப் போன்றவர்களின் ரப்புகளும் போன்களும் என் கைக்கு வந்திருக்கின்றன. உங்கள் பயம் கம்பியில் போகும் போக்குவரத்தைப் பற்றியது இல்லை. யாராவது ரப்பைக் கையில் வாங்கிப் பார்ப்பார்களா என்பதுதானே பயம்? அதற்கு விபிஎன் ஒன்றும் செய்யாது.

முதலில் திரைப் பூட்டு. பிறந்த வருடம் வேண்டாம், ஆறு இலக்கமாவது போடுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது விரல் அடையாளத்தை நிறுத்திவிட்டு இலக்கத்தை மட்டும் வையுங்கள். பிறகு வட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி ஒன்று அதில் இருந்தால், இவ்வளவு நாளும் உங்கள் செய்திகளை இன்னொருவர் வாசித்திருக்கலாம். அதை அழுத்தி வெளியேற்றுங்கள். போன வருடம் ஒரு அக்காவின் போனில் அப்படி ஒன்றைக் கண்டேன். வேறு யாருமில்லை, சொந்தக்காரப் பையன்தான். வட்ஸ்அப்பிலேயே ஆறு இலக்கம் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பும் போடுங்கள். அந்த ஆறு இலக்கத்தை ரப்பின் உறைக்குள் எழுதி வைக்க வேண்டாம், அப்படி வைத்தவர்களும் இருக்கிறார்கள். கூகுளில் சேமிக்கும் வட்ஸ்அப் பிரதிக்குத் தனிப் பூட்டு இருக்கிறது, அதை நாங்களாகத்தான் போட வேண்டும்.

கடிதங்களின் இன்னொரு பிரதியை ஒரு பென் டிரைவில் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் மகளிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ கொடுங்கள். ரப் தொலைந்தாலும் மகனின் படம் தொலையக்கூடாது. இதற்குக் காசு வேண்டாம், வாருங்கள், செய்து தருகிறேன்.

புதுக்குடியிருப்பு: மகனின் ரப்பில் நிமிடத்துக்கொரு விளம்பரம். விபிஎன்னை அழித்தேன், இன்னும் வருகிறது.

தங்கச்சி, செட்டிங்ஸில் தேடும் இடத்தில் விபிஎன் என்று அடியுங்கள். அங்கே ஏதாவது பெயர் மிச்சம் இருந்தால் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தி, "எப்போதும் இயங்கும்" என்பதை நிறுத்தி, மறக்கச் சொல்லுங்கள். பிறகு அதே நாளில் ஏற்றிய மற்றச் செயலிகளையும் பாருங்கள், டோர்ச், கிளீனர் என்று ஏதாவது கூட வந்திருக்கும். ஒவ்வொன்றாக அழித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் விளம்பரம் வந்தால் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு.