நூலகவியல் முதுகலை மாணவருக்கு ஊதியத்துடன் கூடிய பயிற்சிப் பணி எப்படிக் கிடைக்கும்?

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நூலகத்தின் சொந்த நிதியா, அரசு மானியமா, நன்கொடையாளர் அறக்கட்டளையா? மானியப் பணம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கானது. பழைய புகைப்படங்களை எண்மமாக்குவது (கணினிக் கோப்பாக மாற்றுவது), கையெழுத்துத் தாள்களுக்கு விவரப்பட்டியல் தயாரிப்பது போன்ற வேலைகள். மானியம் முடிந்தால் அந்த இடமும் போய்விடும். அடுத்த ஆண்டும் இருக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அமெரிக்காவில் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் (அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகம்) நடத்தும் ஜூனியர் ஃபெலோஸ் திட்டம் நல்ல உதாரணம். கோடையில் 10 வாரங்கள், உதவித்தொகை உண்டு, நூலகத்தின் தொகுப்புகளிலேயே நேரடியாக வேலை. இத்தகைய கோடைத் திட்டங்களுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் தொடங்கிவிடுவது வழக்கம். வசந்தத்தில் தேடத் தொடங்குபவருக்கு மிச்சம்மீதிதான்.

சம்பளம் பற்றிப் பேசாமல், 'மதிப்பெண் அலகு (படிப்புக் கணக்கில் சேரும் கிரெடிட்) கிடைக்கும்' என்று மட்டும் சொல்லும் அறிவிப்பில் கவனம் தேவை. அந்த அலகுக்குப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டுபவர் நீங்கள்தான். உழைப்பையும் கொடுத்துக் காசையும் கொடுப்பதை ஊதியப் பயிற்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொத்தத் தொகை சொல்லியிருந்தால் வேலை மணிகளால் வகுத்துப் பாருங்கள். வேறு ஊர் என்றால் வாடகையையும் கழியுங்கள்.

விண்ணப்பக் கடிதத்தில் 'எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும்' என்பதால் பயனில்லை, எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். அந்த நூலகத்தின் ஒரு தொகுப்பைப் பெயர் சொல்லி, அதற்கு உங்கள் பகுப்பாக்கப் பயிற்சியோ (நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்துவது) மீதரவு அனுபவமோ (ஒரு பொருளைப் பற்றிய தலைப்பு, ஆசிரியர், தேதி போன்ற விவரங்களைப் பதிவது) எங்கே உதவும் என்று எழுதுங்கள்.