ஷெட் வாடகைப் பாக்கிக்கு நான் பொறுப்பா?

கேள்வி: திருப்பூரில் நண்பரும் நானும் பனியன் யூனிட்டுக்காகப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்தோம். ஜனவரி 27-ல் பெயருக்கு ஒப்புதல் வந்தது. பிப்ரவரி 3-ல் ஷெட் வாடகை ஒப்பந்தத்தில் 'இயக்குநர்' என்று கையெழுத்திட்டேன். பதிவுச் சான்றிதழில் தேதி பிப்ரவரி 20. மூன்று மாத வாடகை கம்பெனிக் கணக்கிலிருந்து போனது, பிறகு பாக்கி. இப்போது உரிமையாளர் என் பெயருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கம்பெனிக் கடனுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

பதில்: 'லிமிடெட்' என்ற சொல் உங்களைக் காப்பாற்றும்தான், ஆனால் பிப்ரவரி 20 முதல். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 9-ஆவது பிரிவுப்படி, சான்றிதழில் உள்ள தேதியிலிருந்துதான் கம்பெனிக்குச் சட்டப்படி உயிர். பெயர் ஒப்புதல் என்பது அந்தப் பெயரை 20 நாள் உங்களுக்காகப் பிடித்து வைப்பது, அவ்வளவே. பிப்ரவரி 3-ல் நீங்கள் இயக்குநராக இருக்க கம்பெனியே இல்லை.

இல்லாத ஒருவருக்காக ஒப்பந்தம் போட்டால், போட்டவரே பொறுப்பு என்றுதான் ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு பொதுவாக எடுத்துக்கொள்ளும். 1866-ல் இங்கிலாந்தில் இதேபோல ஒரு வழக்கு, கெல்னர் எதிர் பாக்ஸ்டர். பதிவாகாத ஓட்டல் கம்பெனிக்காகச் சிலர் ஒயின் வாங்கினார்கள். கம்பெனி பதிவானது, ஒயினும் தீர்ந்தது, பணம் தருவதற்குள் கம்பெனி நொடித்துப்போனது. கையெழுத்திட்டவர்கள்தான் கட்ட வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் ஒரு வழி உண்டு. கம்பெனியின் நோக்கத்துக்கு உட்பட்ட இத்தகைய ஒப்பந்தத்தைக் கம்பெனி ஏற்று, அதை எதிர்த்தரப்புக்கும் தெரிவித்திருந்தால், கம்பெனிமீதே அதை நிறைவேற்றக் கோரலாம் என்கிறது 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் (Specific Relief Act), பிரிவு 19. உங்கள் போர்டு மினிட்ஸில், அதாவது இயக்குநர்கள் கூட்டக் குறிப்பில், அப்படித் தீர்மானம் இருக்கிறதா, உரிமையாளருக்குக் கடிதம் போனதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போது, இன்றைய தேதியில் நிறைவேற்றுங்கள். பழைய தேதி போட்டு எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது வேறு வழக்காகிவிடும். கம்பெனிக் கணக்கிலிருந்து போன மூன்று மாத வாடகை உங்களுக்குச் சாதகமான சான்று, ஆனால் அது மட்டும் போதும் என்று நான் இருக்க மாட்டேன்.

அப்புறம், பங்குப் பணம் வந்துவிட்டது என்ற அறிவிப்பை 180 நாளுக்குள் தாக்கல் செய்தாயிற்றா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். பிரிவு 10ஏ-படி அது இல்லாமல் தொழில் தொடங்க முடியாது.

நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் பதில் அனுப்பிவிட்டு, உரிமையாளரிடம் பேசுங்கள். பழைய ஒப்பந்தம் ரத்து, பாக்கியைக் கம்பெனி ஏற்கிறது என்று எழுதி, கம்பெனி பெயரில் புது ஒப்பந்தம் போடுவதுதான் உங்களுக்கு நிம்மதி. அவர் உங்களிடம் தனியாக ஜாமீன் கையெழுத்து கேட்கக்கூடும். போட்டுக்கொடுத்தால் மறுபடி இதே நோட்டீஸ்தான் வரும்.